பிளஸ் டூ பாஸ் ஆனா நேரா ஜெர்மனி பிஎஸ்சி சீட்டா? அது உண்மை இல்ல

காட்பாடி, குடியாத்தம் பக்கம் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஃபார்வர்ட் சுத்திக்கினு இருக்கு, பிளஸ் டூ சயின்ஸ் குரூப் பாஸ் ஆனாலே ஜெர்மனி யூனிவர்சிட்டில நேரா பிஎஸ்சி சேரலாம், செலவே கிடையாதுன்னு. தயவுசெஞ்சி நம்பாதீங்க.

நம்ம பிளஸ் டூவ மட்டும் வெச்சி அங்க பொதுவா நேரடி அட்மிஷன் தரமாட்டாங்க. ஐஐடில சேர எழுதுற ஜேஇஇ அட்வான்ஸ்டு நுழைவுத்தேர்வு பாஸ் பண்ணிருக்கணும், இல்லன்னா இங்கயே ஊரீசு, முத்துரங்கம் மாதிரி காலேஜ்ல பிஎஸ்சி சேந்து மொத வருஷத்த அரியர் இல்லாம முடிச்சிட்டு அதே துறைக்கு அப்ளை பண்ணணும், கெமிஸ்ட்ரி படிச்சவங்க சம்பந்தமே இல்லாத கோர்ஸுக்கு தாவ முடியாது. 2022 நவம்பர்ல இருந்து ஏபிஎஸ் சர்டிபிகேட்டும் கட்டாயம், நம்ம மார்க்ஷீட் எல்லாம் ஒரிஜினல் தானான்னு சரிபாத்து தர்றது அது. பிஎஸ்சி கோர்ஸ் பெரும்பாலும் ஜெர்மன் மொழியிலதான் நடக்குது, அத இந்த ஃபார்வர்ட் எழுதுனவங்க சொல்லவே இல்ல, எனக்கு கோவமே அதான்.

அரசு யூனிவர்சிட்டில பெரும்பாலும் டியூஷன் ஃபீஸ் இல்லங்கிறது நெசம். ஆனா பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல நம்மள மாதிரி வெளிநாட்டு பசங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. விசாவுக்கு ஒரு வருஷ சாப்பாடு, வாடகைக்குன்னு பிளாக்டு அக்கவுண்ட்ல, அதாவது மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா மட்டும் எடுக்க முடியற பேங்க் கணக்குல, 11,904 யூரோ காட்டணும், 2024 செப்டம்பர்ல இருந்து இதான் கணக்கு. நெலத்த அடமானம் வெச்சி ஏஜென்ட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி, ஜெர்மனில படிக்கறத பத்தி தகவல் தர்ற டிஏஏடி அமைப்போட வெப்சைட்ல கோர்ஸ் பேர போட்டு எந்த மொழில நடத்துறாங்க, என்ன தகுதி கேக்கறாங்கன்னு நீங்களே பாத்துடுங்க.