பத்தாயிரம் வருடம் தூங்கி எழுந்த இயந்திரம்

அறிவியல் புனைகதையில் எனக்குச் சலிக்காத வகை ஒன்று உண்டு. மனிதகுலத்தின் பொற்காலம் அழிந்து பத்தாயிரம் வருடம் ஆகியிருக்கும். மணலுக்கு அடியில் ஒரு கதவு திறக்கும். அந்தக் காலத்து அறிவு இயந்திரம் கண்விழித்து, "என்ன வேண்டும்?" என்று கேட்கும். அந்த இடத்தில் எனக்கு இன்னமும் புல்லரிக்கும். அடுத்த பக்கத்திலேயே கடுப்பாகவும் ஆகிவிடும். ஒரு குறையும் இல்லாமல் அது எப்படி எழுந்து உட்காருகிறது?

என்னிடம் பன்னிரண்டு வருடப் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று இருந்தது. துணி சுற்றி அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தேன். போன மாதம் எடுத்துச் செருகினால் டிக், டிக், டிக். அவ்வளவுதான். படங்கள் எல்லாம் போயே போச்சு. பென்டிரைவும் அப்படித்தான், உள்ளே அடைபட்ட மின்னூட்டம் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும்.

சரி, நன்றாகக் கட்டிய இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். 1977இல் பூமியிலிருந்து கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம், 2023 நவம்பரில் உளற ஆரம்பித்தது. ஒன்றும் பூஜ்யமுமாக ஒரே வரிசையைத் திரும்பத் திரும்ப அனுப்பியது. மெமரியில் ஒரு சிப் செத்துவிட்டிருந்தது. பொறியாளர்கள் பழைய காகிதங்களைப் புரட்டி, அந்தச் சிப்பில் இருந்த நிரலைத் துண்டு துண்டாக்கி வேறு இடங்களில் திணித்தார்கள். கட்டளை போய்ச் சேர 22 மணி நேரத்துக்கு மேல், பதில் வர இன்னொரு 22. புரிகிற மாதிரி அது திரும்பப் பேச 2024 ஏப்ரல் ஆகிவிட்டது. 46 வருடத்துக்கே இந்தப் பாடு!

பக்கத்தில் ஆள் இல்லாமல் பத்தாயிரம் வருடம் என்றால், இந்த வேலையை இயந்திரமே தனக்குத்தானே செய்துகொள்ள வேண்டும். சிப் ஒவ்வொன்றாகச் சாகும்போது எதை வைத்துக்கொள்ளும், எதைத் தூக்கிப் போடும்? தன்னை ஓடவைக்கும் நிரலைக் கடைசிவரை விடாது. யாரோ ஒரு ஊரில் யார் யாரோ பேசிக்கொண்டது முதலில் போகும். அப்படித் தேய்ந்து மிஞ்சியதுதான் நம்மிடம் வந்து, "அந்தக் காலத்தில் நீங்கள் எல்லோரும் தேவர்கள் மாதிரி வாழ்ந்தீர்கள்" என்கிறது. கதையில் ஒருவராவது குறுக்குக் கேள்வி கேட்கிறாரா? பொற்காலத்துக்கு இருக்கும் ஒரே சாட்சி, சொன்னதையே சொல்லும் ஒரு கிழம்!

இதைவிட ஆன்டிகித்தெரா கருவிதான் எனக்குப் பிடிக்கும். கிரேக்கக் கடலடியில் ஏறக்குறைய 2000 வருடம் கிடந்து 1901இல் மேலே வந்தது. அரித்துப்போன 30 வெண்கலப் பல்சக்கரங்கள், எழுத்துப் பொறித்த தகட்டுத் துண்டுகள், அவ்வளவுதான் மிச்சம். ஒரு வார்த்தை பேசாது. கிரகணங்களைக் கணித்த கருவி அது என்று நாமே எக்ஸ்ரே எடுத்து, எழுத்துக் கூட்டிப் படித்தோம். அதற்கே நூறு வருடம் பிடித்தது. முன்பக்கம் எப்படி இருந்தது என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

நான் படிக்க ஆசைப்படும் கதையில், எல்லோரும் இயந்திரத்தின் முன்னால் மண்டியிட்டு இருப்பார்கள். பழுது பார்க்க வந்த ஒரு பெண் மட்டும் பின்பக்கம் போய், மூடியைக் கழற்றி, எந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறது என்று விளக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.