ஆறு மாதம் என்றுதான் சட்டம் சொல்கிறது

தேர்தல் வழக்குகள் பற்றிப் பேசிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை மூணாறு நண்பர்கள் அறிவீர்கள். "மக்கள் ஓட்டுப் போட்ட பிறகு கோர்ட்டுக்கு என்ன வேலை?" என்று ஒருவர் கேட்டார், எல்லோரும் கைதட்டினார்கள். மறுத்துப் பேசிய என்னிடம் "நீங்க எந்தக் கட்சிண்ணே?" என்றார்கள்.

கோர்ட்டுக்கு வேலை இருக்கிறது. அந்த வேலை காலத்தில் முடியவில்லை என்பதே என் குறை. மூணாறு அடங்கிய இதே தேவிகுளம் சட்டமன்றத் தொகுதியில் 1957இல் வென்ற ரோசம்மா புன்னூஸின் தேர்தல், இன்னொருவரின் வேட்புமனுவைத் தவறாக நிராகரித்ததற்காகச் செல்லாததாக்கப்பட்டது; 1958இலேயே இடைத்தேர்தல் நடந்து அவரே மீண்டும் வென்றார்.

2021இல் இதே தொகுதியில் ஆ. ராஜா 7,848 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். கேரளத்தின் பட்டியல் சாதிக்குரிய இடத்தில் போட்டியிட அவருக்குத் தகுதி இல்லை என்று 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் கூறியது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. அவையில் அமரலாம், வாக்களிக்க முடியாது என்ற நிபந்தனையும் இருந்தது. அவருடைய தேர்தல் செல்லும் என்ற இறுதித் தீர்ப்பு 2025 மே மாதத்தில்தான் வந்தது. ஐந்தாண்டுப் பதவியில் நான்காண்டு வழக்கிலேயே கழிந்தது.

தேர்தல் முடிவை எதிர்க்கும் மனுவை 45 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் தள்ளுபடி. ஆனால் விசாரணையை ஆறு மாதத்தில் முடிக்க நீதிமன்றம் "முயல வேண்டும்" என்று மட்டுமே சட்டம் சொல்கிறது. மனுதாரருக்குக் கட்டாயம், நீதிமன்றத்துக்கு முயற்சியா? தமிழ்நாட்டின் ராதாபுரத்தில் 2016இல் 49 ஓட்டில் முடிந்த தேர்தலுக்கு 2019இல் மறு எண்ணிக்கை நடந்தது. அதன் முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்திருக்க, 2021இல் பதவிக்காலமே முடிந்துவிட்டது.

சாட்சிகளை விசாரிக்க நேரம் வேண்டாமா என்பீர்கள். வேண்டும், அதற்குத்தான் ஆறு மாதம். "ராஜாதான் ஜெயித்துவிட்டாரே, பிறகென்ன வருத்தம்?" என்று கேட்பவர்களுக்கு மட்டும் என்னால் அமைதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த அவருடைய முன்னோர், பட்டியல் சாதி ஆணை வந்த 1950க்கு முன்பே இங்கே குடியிருந்தார்களா என்பது அந்த வழக்கின் மையக் கேள்விகளில் ஒன்று. அது ராஜா ஒருவரிடம் கேட்ட கேள்வியா? எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து லயத்திலேயே இறந்த என் தாத்தாவுக்கு ஒரு சென்ட் நிலமும் இல்லை. எஸ்டேட் பேரேட்டில் இருக்கும் பெயரைத் தவிர வேறு எந்தப் பத்திரத்தை நான் காட்டுவேன்? 2023இல் மகளின் சாதிச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். மூன்றாம் முறை, "அந்தக் கேஸ் முடியட்டும், பார்க்கலாம்" என்றார்கள்.

கேஸ் முடிவதற்குள் அவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், பொதுப் பிரிவில்.