ஆடம் குட்ஸ் யாருக்கும் பாக்கி வைக்கவில்லை

சனிக்கிழமை நம் ஃபுட்டி (ஆஸ்திரேலிய வகைக் கால்பந்து) குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் புதிதாக விளக்க வேண்டியதில்லை. சிட்னியின் ஸ்வான்ஸ் அணியின் தலைசிறந்த கேப்டன் யார் என்று ஒரு வாக்கெடுப்பு. பால் கெல்லி, பிரெட் கர்க், ஆடம் குட்ஸ் என்று பெயர்கள் வந்துகொண்டிருந்தன. பேச்சு நன்றாகத்தான் போனது. அப்புறம் அந்த வரி வந்தது. "குட்ஸ் ஒரு அழுகுணி. மரியாதையைக் கையில் கொடுத்தாலும் வாங்கத் தெரியாதவரெல்லாம் கேப்டனா?" அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

எழுதியவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன், இனியும் அப்படித்தான் கூப்பிடுவேன். சிரித்தவர்களில் பலர் எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர்கள். ஆனாலும் அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. குழுவில் பதில் எழுதினால் அடுத்த நிமிடம் யாராவது காலை வணக்கப் படம் போட்டு அதை மேலே தள்ளிவிடுவார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியப் பழங்குடியைச் சேர்ந்த ஆடம் குட்ஸ் இந்த ஆட்டத்துக்கு ஒரு பைசா பாக்கி வைக்கவில்லை. கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்துவிட்டுப் போனவர் அவர்.

குழுவில் பேசியவர்கள் எல்லாருக்கும் அவருடைய கதை 2013-ல்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் பதினான்கு ஆண்டு அந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார்? கிளப்புகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 1997 டிராஃப்டில் 43-வது ஆளாக ஸ்வான்ஸ் அவரை எடுத்தது. அவருக்கு முன்னால் நாற்பத்திரண்டு பையன்கள் எடுக்கப்பட்டுவிட்டார்கள். 1999-ல் முதல் ஆட்டம், அதே ஆண்டிலேயே சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது. 2003-ல் சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரௌன்லோ பதக்கம், நேதன் பக்லியோடும் மார்க் ரிச்சுட்டோவோடும் சேர்ந்து. 2006-ல் இன்னொரு பிரௌன்லோ, இந்த முறை தனியாக. ஆண்டின் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல் ஆஸ்திரேலியன் அணியில் நான்கு தடவை. மொத்தம் 372 ஆட்டங்கள், 464 கோல்கள். அவர் ஓய்வு பெற்றபோது அதற்கு மேல் ஆடிய பழங்குடி ஆட்டக்காரர் யாரும் இல்லை. நடுவர் மேலே எறியும் பந்துக்கு எம்பும் ரக்கில் நிறுத்தினால் ரக், நடுக்களத்தில் விட்டால் நடுக்களம், முன்னால் அனுப்பினால் கோல். அவ்வளவு உயரமான உடம்போடு அந்த வேகத்தில் ஓடி, குனிந்து பந்தை ஒரே கையால் அள்ளிக்கொண்டு போவதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

"ஃப்ரீ கிக் வாங்க நடிப்பார், நடுவரை ஏமாற்றுவார்" என்று ஒருவர் எழுதியிருந்தார். பிரௌன்லோ வாக்கைப் போடுவது யார்? ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கள நடுவர்கள்தான் மூன்று, இரண்டு, ஒன்று என்று போடுகிறார்கள். அந்த சீசனில் தடை வாங்கியவருக்குப் பதக்கமே கிடையாது. அந்த நடுவர்கள்தான் இரண்டு தடவை அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவரும் களத்தில் விதியை மீறியிருக்கிறார், சரி. முரட்டு ஆட்டத்தில் அத்தனை ஆண்டு ஆடியவர்களில் மீறாதவர் யார்? அதற்காக, குட்ஸைப்போல ஊர் ஊராக ரசிகர் கூட்டத்தால் ஊளையிடப்பட்டவர் வேறு யார் என்று எனக்கு ஒரு பெயர் சொல்லுங்கள்.

இனி கேப்டன் விஷயம். ஸ்வான்ஸில் அப்போது பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் இருந்தது. குட்ஸ் 2009-லிருந்து 2012 வரை இணைக் கேப்டன். கடைசி இரண்டு ஆண்டு ஜாரட் மெக்வேயோடு. 2012 செப்டம்பர் 29, இறுதிப் போட்டி, மெல்போர்னின் எம்.சி.ஜி. மைதானம், எதிரே ஹாதார்ன் அணி. ஆட்டத்தின் நடுவிலேயே குட்ஸின் முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் வெளியே போய் ஐஸ் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர் போகவில்லை. காலை இழுத்துக்கொண்டு ஆடினார். நான்கு பகுதிகளில் கடைசிப் பகுதியில், ஆட்டம் எந்தப் பக்கமும் சாயலாம் என்ற நேரத்தில், கோல் அடித்தார். பிறகு அணித் தோழர் நிக் மல்செஸ்கி முடித்துவைத்தார். 91-க்கு 81. கோப்பையைத் தூக்கிய கைகளில் குட்ஸின் கையும் ஒன்று. 2005-ல் நான்கே புள்ளியில் வெஸ்ட் கோஸ்டை வென்று 72 ஆண்டு கோப்பை வறட்சியை முடித்த அணியிலும் அவர் இருந்தார். கிழிந்த காலோடு இறுதிப் போட்டியை ஆடி முடித்தவரை அழுகுணி என்று சொல்ல எப்படி மனசு வருகிறது, அண்ணா?

அடுத்து 2013. மே 24, காலிங்வுட் அணியோடு ஆட்டம், பழங்குடி மக்களைச் சிறப்பிக்கும் சுற்று. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து 'குரங்கு' என்று ஒரு குரல். அவர் திரும்பிப் பார்த்தார், விரலை நீட்டிக் காவலாளியிடம் காட்டினார். செய்தது அவ்வளவுதான். அதே காலிங்வுட்டின் பழைய மைதானத்தில், விக்டோரியா பார்க்கில், நிக்கி வின்மார் என்ற பழங்குடி ஆட்டக்காரர் சட்டையைத் தூக்கித் தன் தோலைக் காட்டி நின்று அப்போது இருபது ஆண்டு ஆகியிருந்தது.

"பதின்மூன்று வயதுக் குழந்தையைப் போய் அவமானப்படுத்தினாரே" என்று கேட்கிறீர்கள். கூட்டத்திலிருந்து வந்த குரலுக்கு எத்தனை வயது என்று களத்தில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? மறுநாள் காலையில் அவர் பத்திரிகையாளர்கள் முன்னால் என்ன சொன்னார் என்று தேடிப் பாருங்கள். அந்தப் பெண்ணின் மேல் பழி போடாதீர்கள், அவளுக்கு இப்போது துணை தேவை என்று சொன்னார். காயப்பட்டவர், காயப்படுத்திய பிள்ளைக்காகப் பேசினார். நீங்கள் தேடும் கேப்டன் பண்பு இதில் இல்லையென்றால் வேறு எதில் இருக்கிறது? அதே வாரம் காலிங்வுட் கிளப்பின் தலைவர் எடி மக்குவயர், நேரில் போய் மன்னிப்புக் கேட்ட அதே எடி மக்குவயர், வானொலியில் குட்ஸையும் கிங் காங்கையும் சேர்த்துப் பேசினார். அவர் பிள்ளை இல்லையே, நாட்டுக்கே தெரிந்த பெரிய மனிதர். அவரை யாராவது மைதானம் மைதானமாக ஊளையிட்டு விரட்டினார்களா? 2021-ல் அந்த கிளப்பில் இனவெறி ஊறிப்போயிருந்தது என்று கிளப்பே கேட்டு வாங்கிய அறிக்கை சொன்ன பிறகுதான் அவர் பதவியை விட்டு இறங்கினார்.

"ஊளையிடுவது ஃபுட்டியின் பழக்கம், எல்லாருக்கும் நடக்கும்." இதைத்தான் அதிகம் பேர் எழுதியிருந்தீர்கள். நானும் மைதானத்துக்குப் போகிறவள்தான். எதிரணி ஆட்டக்காரர் ஃப்ரீ கிக் வாங்கினால் கத்துவார்கள், அடுத்த நிமிடம் மறந்துவிடுவார்கள். 2015-ல் நடந்தது அது கிடையாது. பந்து குட்ஸ் கைக்கு வந்தால் ஊளை, கையைவிட்டுப் போனால் நிற்கும். வாராவாரம், ஊருக்கு ஊர். அவர் அதற்குள் 2014-இன் 'ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர்', இந்த நாட்டின் பழங்குடி மக்களுக்கு நடந்ததை வெளிப்படையாகப் பேசத் தொடங்கியிருந்தார். அவருடைய அம்மா சிறுவயதில் குடும்பத்திடமிருந்து பிரித்து எடுக்கப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தவர். இதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவார்? வாயை மூடிக்கொண்டு ஆடியவரை கைதட்டி வரவேற்றார்கள், வாயைத் திறந்ததும் ஊளையிட்டார்கள். இதற்கு வேறு என்ன பெயர் வைப்பீர்கள்?

அந்த நடனத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2015 மே 29, சிட்னியின் எஸ்.சி.ஜி. மைதானத்தில் கார்ல்டனுக்கு எதிராகக் கோல் அடித்துவிட்டு ஒரு போர் நடனம் ஆடி, இல்லாத ஈட்டியை வீசுவதுபோலக் கையை வீசினார். பழங்குடிப் பையன்கள் அணி ஒன்றிடமிருந்து கற்றுக்கொண்ட நடனம். ஆடியது பழங்குடிச் சுற்றில், தன் சொந்த மைதானத்தில். நியூசிலாந்து ரக்பி அணி ஹாக்கா ஆடினால் எழுந்து நின்று படம் பிடிக்கிறோம். தன் மண்ணில் தன் நடனத்தை ஆடியவரிடம் மட்டும் பயமாக இருக்கிறது என்று சொன்னார்கள். ஜூலையில் பெர்த்தின் சுபியாக்கோ மைதானத்தில் ஊளை எல்லை மீறியது. அணித் தோழர் லூயிஸ் ஜெட்டா அவருக்காக அதே நடனத்தை ஆடினார். அடுத்த வாரம் குட்ஸ் ஆட வரவில்லை. ஆட்டத்தை நடத்தும் ஏ.எஃப்.எல். நிர்வாகம் அப்போதும் இது இனவெறி என்று நேராகச் சொல்லத் தயங்கியது.

செப்டம்பரில் ஸ்வான்ஸ் தோற்றதும் சத்தமில்லாமல் விலகிக்கொண்டார். ஓய்வு பெறுகிறவர்கள் இறுதிப் போட்டி நாளில் மைதானத்தைச் சுற்றி வருவார்களே, அதற்கும் வரவில்லை. பெரிய மனசோடு வந்திருக்கலாம் என்கிறீர்கள். எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் பேர் நடுவில் மறுபடியும் போய் நின்று, இந்த முறை கைதட்டலா ஊளையா என்று காத்திருக்க வேண்டுமா? நீங்கள் உங்கள் பிள்ளையை அனுப்புவீர்களா?

பிள்ளை என்றதும் இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். என் மகள் ஃபுட்டி ஆடுகிறாள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு ஆட்டத்தில் எதிரணிப் பிள்ளை ஒன்று அவளுடைய நிறத்தைச் சொல்லி ஒரு வார்த்தை சொன்னது. அவள் நேராக நடுவரிடம் போய்ச் சொன்னாள். நானும் இறங்கிப் போய், இதைப் பதிவு செய்யுங்கள் என்று கேட்டேன். எழுதிக்கொண்டார்கள், அந்தப் பிள்ளை மன்னிப்பும் கேட்டது. அந்தப் பிள்ளை மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. என்னை உடைத்தது அதற்கப்புறம் வண்டி நிறுத்துமிடத்தில் நடந்தது. நம்மவர்கள் இரண்டு பேர் வந்து, "ஏன் இதைப் பெரிசு பண்றீங்க? நாம வந்த இடம், கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும். பிள்ளைக்கு அழுகுணின்னு பேர் வந்துடும்" என்றார்கள். அவளும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதே வார்த்தையை சனிக்கிழமை குழுவில் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்?

சரி, மரியாதையைக் கொடுத்தும் வாங்கவில்லை என்ற கதைக்கு வருகிறேன். 2019-ல், நான்கு ஆண்டு கழித்து, ஏ.எஃப்.எல்.லும் 18 கிளப்புகளும் சேர்ந்து மன்னிப்புக் கேட்டன. அதே ஆண்டில் அவரைப் பற்றி இரண்டு ஆவணப்படங்கள் வந்தன. அந்த ஊளையை மறுபடி கேட்க நேர்ந்ததும் எல்லாருக்கும் வெட்கம் வந்தது. 2021-ல் ஆட்டத்தின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் வேண்டாம் என்றார். மேடை போட்டுச் சொல்லவில்லை, யாரையும் திட்டவில்லை. "அடுத்த தலைமுறைப் பழங்குடிப் பையன்களுக்காகவாவது ஏற்றிருக்கலாமே" என்று ஒரு தங்கை நல்ல மனசோடு கேட்டிருந்தாள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பையன்களுக்கு அவர் செய்வது நின்றுவிடவில்லை. பழைய அணித் தோழர் மைக்கேல் ஓ'லாக்லினோடு சேர்ந்து 2009-ல் தொடங்கிய கோ அறக்கட்டளை வழியாகப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைக்கிறார்கள். ஆட்டத்திடம் எதுவும் கேட்காமல் கிளம்பிப் போய்த் தன் வேலையைப் பார்க்கிறார். ஒரு வீட்டிலிருந்து அடித்து விரட்டப்பட்ட மருமகள், பிறகு விருந்துக்கு அழைத்தால் வந்துதான் ஆக வேண்டுமா?

வேண்டாம் என்று சொல்ல ஒரு மனிதருக்கு உரிமை இருக்கிறது. அதிலும் இத்தனையும் கொடுத்து முடித்தவருக்கு நிச்சயம் இருக்கிறது. அவர் பாக்கி வைக்கவில்லை. பாக்கி இருப்பது ஆட்டத்தின் பக்கம்.

"இது அவர்கள் ஊர்ச் சண்டை, நமக்கு எதற்கு" என்று இப்போதும் யாராவது கீழே எழுதுவீர்கள். இந்த ஊரில் வீடு வாங்கினோம், குடியுரிமை வாங்கினோம், பிள்ளைகளைச் சிறுவர் ஃபுட்டிப் பயிற்சியான ஆஸ்கிக்கில் சேர்த்தோம், ஸ்வான்ஸின் சிவப்பு வெள்ளைத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எஸ்.சி.ஜி.யில் கத்துகிறோம். கோப்பை வந்தால் நம்முடையது, ஊளை வந்தால் அவர்களுடையதா? நிறத்துக்காக நம் பிள்ளையை ஒருவர் சொன்னால் கொதிக்கிறோம். கல்யாணப் பேச்சில் பெண் என்ன நிறம் என்று முதலில் கேட்பதும் நாம்தான். அதனால்தானோ என்னவோ, குட்ஸ் விரல் நீட்டியபோது நம்மில் சிலருக்கு உறுத்துகிறது.

அண்ணா, அந்த வரியை நீங்கள் நீக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் வாக்கு குட்ஸுக்குத்தான், அதையும் குழுவில் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு என் மகள் வருவாள், உங்கள் பையனும் வருவான். கேப்டன் யார் என்று அவர்கள் முன்னாலேயே பேசலாம். 2012 இறுதிப் போட்டியின் கடைசிப் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.