12 வோல்ற் பற்றறிக்கு மூன்றரை லட்சமாம்!

நேற்று விடிய நடந்த கூத்தை எங்கேயாவது கொட்டாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

சென்னையில் இருந்து மாமி வருகிறார். 2019இல் யாழ்ப்பாணத்துப் பலாலி சர்வதேச விமான நிலையமான பிறகு எங்கள் வீட்டாருக்குச் சென்னை பக்கத்து ஊர் மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சின்ன விமானம் ஒன்றேகால் மணித்தியாலத்தில் கடலைத் தாண்டி வந்து இறங்கிவிடும். கொக்குவிலில் இருந்து பலாலிக்குப் போய்ச் சேரத்தான் எனக்கு வழியில்லை.

காய்ச்சலில் படுத்ததால் இரண்டு கிழமையாகக் காரை வெளியில் எடுக்கவில்லை. பெற்றோல் எஞ்சினும் கரண்ட் மோட்டரும் சேர்ந்து ஓட்டுகிற ஹைபிரிட் கார். விடிய ஏழரைக்குப் போய்க் கதவில் கை வைத்தால் திறக்கவில்லை. திறப்பு என்று தந்திருப்பது ஒரு கறுப்புப் பிளாஸ்ரிக் கட்டி. அதன் வயிற்றுக்குள் சின்ன இரும்புத் திறப்பு ஒன்று ஒளிந்திருக்கிறது என்பதை யூரியூப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினால் ஒரு முனகல்கூட இல்லை. சரி, பற்றறியைப் பார்ப்போம் என்று பொனற்றைத் திறந்தால் அங்கே பற்றறியே இல்லை! அது பின் சீற்றுக்குக் கீழே இருக்கிறதாம். சொன்னது யார்? அதுவும் யூரியூப்தான்.

"தள்ளி ஸ்ராட் பண்ணுவமோ அண்ணை?" என்று பக்கத்து வீட்டுப் பெடியள் வந்தார்கள். கிளச்சே இல்லாத காரை எங்கே தள்ளுவது?

அப்பாவின் பழைய ஒஸ்ரின் ஏ40 கார் ஞாபகத்துக்கு வந்து இன்னும் கடுப்பேற்றியது. தொண்ணூறுகளில் யுத்தம், யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் என்பது போத்தலில் துளித் துளியாகப் பார்க்கிற சாமான். அப்பா காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்புவார், அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். ஊரெல்லாம் புகை, உடுப்பெல்லாம் மணம். பிளக் கரி பிடித்தால் மண்தாளால் தேய்ப்பார். பற்றறி இறங்கினால் நாலு பேர் தள்ள, இரண்டாவது கியரில் கிளச்சை விடுவார், ஒரு துள்ளுத் துள்ளி ஓடத் தொடங்கும். அவர் ஒன்றும் மெக்கானிக் இல்லை, பள்ளிக்கூட வாத்தியார். ஆனாலும் தன் காரின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எனக்குத் தெரியவில்லை. அதுதான் கராஜ்காரரைக் கூப்பிட்டேன். வந்தார். எதையும் திறக்கவில்லை. முன் ரயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஹைபிரிட் பற்றறி அடிச்சுப் போச்சு அண்ணை. கொழும்பில இருந்துதான் பெட்டி எடுக்க வேணும். மூண்டரை வரும்."

மூன்றரை லட்சம்! காய்ச்சல் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

முன் வீட்டில் கம்பஸ் படிக்கிற தம்பி ஒருவன் இருக்கிறான். கராஜ்காரர் போகும்வரை மதிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றவன், அப்புறம்தான் மெல்ல வந்து விளங்கப்படுத்தினான். இந்தக் காரில் பற்றறி இரண்டு. பெரியது நூற்றுக்கு மேற்பட்ட வோல்ற்றில் காரை இழுப்பது, எஞ்சினைச் சுழற்றி எழுப்புவதும் அதுதான், தனி ஸ்ராட்டர் மோட்டர் கிடையாது. சின்னது எல்லாக் காரிலும் இருக்கிற அதே 12 வோல்ற். ஸ்ராட் பண்ணும்போது கொம்பியூட்டரை எழுப்பிப் பெரியதன் பூட்டைத் திறந்துவிடுவதுதான் இதன் வேலை. சின்னது இறங்கினால் பெரியது நிறைந்திருந்தும் பிரயோசனமில்லை. பாங்கில் காசு கிடக்கிறது, லொக்கர் திறப்பு கிணற்றுக்குள் விழுந்துவிட்டது, அந்தக் கதைதான்.

சொன்னதோடு நிற்கவில்லை. தன் மோட்டர் சைக்கிளின் பற்றறியைக் கழற்றி வந்தான். மோட்டர் சைக்கிள் பற்றறி! பியூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடிக்குக் கீழே இருந்த முனையில் ஒரு வயர், எஞ்சின் இரும்பில் மற்ற வயர். பொத்தானை அழுத்தினேன். பச்சை எழுத்தில் 'ரெடி' என்று வந்தது. ஐந்து நிமிடம். "இனிப் பெரிய பற்றறியே சின்னதுக்குச் சார்ஜ் ஏத்தும், வீட்டை வரும்வரைக்கும் நிப்பாட்டாதேங்கோ" என்றுவிட்டு அவன் பற்றறியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

இதை விற்றவர் ஏன் எனக்குச் சொல்லவில்லை? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் காருக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்ப விட்டார்கள். அந்த இடைவெளியில் ஓடித் தேய்ந்த கார்களின் விலையெல்லாம் காணி விலைக்கு ஏறியது. அப்படி ஒரு விலை கொடுத்து வாங்கினேன். கையில் தந்தது யப்பானிய மொழியில் ஒரு தடித்த புத்தகம். படம் பார்க்கலாம்.

காரை எழுப்பியதும் உள்ளே ஒரு பெண் யப்பானிய மொழியில் ஏதோ பணிவாகச் சொல்லுவாள். இவ்வளவு காலமும் வணக்கம் சொல்லுகிறாள் என்றே நினைத்திருந்தேன். யப்பான் அதிவேக வீதிக் கட்டண அட்டை போடவில்லை என்று முறைப்பாடு செய்கிறாளாம்! யாழ்ப்பாணத்துக்கு இன்னும் அதிவேக வீதியே வந்து சேரவில்லையடி அம்மா. ரேடியோவும் அப்படித்தான், 76 முதல் 90 மெகாஹேட்ஸ் வரைதான் எடுக்கும். எங்கள் பாட்டெல்லாம் அதற்கு மேலேதான் போகிறது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். பின் சீற்றுப் பக்கத்தில் இருக்கிற காற்றுத் துவாரத்தை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. பெரிய பற்றறி அதனூடாகத்தான் மூச்சு விடுகிறது, அடைத்தால் சூடாகிக் கெட்டுப்போகும் என்பதும் நேற்றுத்தான் தெரியும். அம்மா ஒவ்வொரு கிழமையும் எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பையை அதன் மேல் சாய்த்து வைத்துத்தான் வருவார். கழற்றிப் பார்த்தால் உள்ளே செம்மண்ணும் வெங்காயச் சருகும். உண்மையிலேயே மூன்றரை லட்சத்துக்கு வழி பண்ணிக்கொண்டிருந்தது நாங்கள்தான். தமிழில் ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம் அடித்து டாஷ்போட்டில் ஒட்டிக் கொடுத்தால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? புளூரூத்தில் பாட்டுப் போட்டுக் காட்ட மட்டும் அரை மணித்தியாலம் இருந்ததே!

மாமி முக்கால் மணித்தியாலம் சூட்கேசின் மேல் இருந்து காத்திருந்தார். "விமானத்தில வந்ததைவிட இதுதான் மெத்தத் தூரம்" என்று மட்டும் சொன்னார்.

பின்னேரம் கராஜ்காரரின் அழைப்பு. "அண்ணை, கொழும்பில பெட்டி ஒண்டு இருக்காம். மூண்டேகாலுக்குக் கதைச்சு வச்சிருக்கிறன். அட்வான்ஸ் போட்டுவிடுறீங்களோ?"