கல்வெட்டைக் கண்ணில் காட்டாமலே வரலாற்றுக்கு மார்க் போடுகிறோம்

நம் கலைக் கல்லூரிகளில் பி.ஏ. வரலாறு படிக்கும் பிள்ளைக்கு, பண்டைய இந்திய வரலாற்றுத் தாளில் மார்க் எப்படி விழுகிறது என்பது வெளியே பலருக்குத் தெரியாது. பெரும்பாலான இடங்களில் இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. இன்டர்னலில் டெஸ்ட், அசைன்மென்ட், செமினார். இந்தக் கணக்கில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. அதற்குள் என்ன கேட்கிறோம் என்பதில்தான் ஆத்திரம் வருகிறது.

'அசோகரின் தம்மம் பற்றிக் கட்டுரை வரைக.' 'ஹரப்பா நகர அமைப்பை விவரி.' 'குப்தர் காலம் பொற்காலமா?' இவைதான் சுற்றிச் சுற்றி வருகின்றன. பழைய கேள்வித்தாள்களைப் புரட்டி, கைடில் அந்த விடைகளை மட்டும் பிள்ளைகள் உருப்போடுகிறார்கள். முன்னுரை, துணைத்தலைப்பு, அடிக்கோடு, முடிவுரை. திருத்தும் முகாமில் கட்டுக்கட்டாக விடைத்தாள் வந்து விழும்போது, ஆசிரியரின் கண்ணும் துணைத்தலைப்பைத்தான் தேடும். நானும் அதே மேசையில் உட்காருகிறவள் என்பதால் சொல்கிறேன்.

அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு 'சதியபுத்திரர்' என்று ஒருவரையும் சொல்கிறது. யார் அவர் என்று அறிஞர்கள் நெடுங்காலம் ஆளுக்கொரு பதில் சொல்லிவந்தார்கள். 1981இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் ஒரு தமிழி (பழைய தமிழ் எழுத்து, தமிழ் பிராமி) கல்வெட்டு கிடைத்தது: 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி'. சதியபுத்திரன் அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த குகை உறைவிடம் என்று பொருள். ஒரே ஒரு வரி. அதியமான் மரபினர்தான் சதியபுத்திரர் என்பது அதோடு தெளிவானது.

இந்த வரியைப் படமாக வகுப்பில் காட்டினேன். எப்போதும் வாயே திறக்காத கடைசி பெஞ்ச் மாணவி கேட்டாள்: "மேடம், ஔவையாருக்கு நெல்லிக்கனி குடுத்த அஞ்சியா இது? அப்போ அவர் அசோகர் காலத்து ஆளா?" அருமையான கேள்வி! எழுத்தமைதியை, அதாவது எழுத்தின் வடிவத்தை, வைத்துக் காலம் கணிப்பது, சங்கப் பாடல்களின் காலம், ஒரே பெயரைப் பேரனும் வைத்துக்கொள்ளும் வழக்கம் என்று அந்த வகுப்பு முழுவதும் அதிலேயே போனது. ஆனால் அந்தப் பிள்ளை அப்படி யோசித்ததற்கு மார்க் போட நம் கேள்வித்தாளில் ஓர் இடமும் இல்லை. செமஸ்டரில் அவளுக்கு வந்தது தம்மம் கட்டுரைதான்.

இரும்புக்காலம் இன்னொரு சிக்கல். தூத்துக்குடி மாவட்டம் சிவகளை அகழாய்வில் கிடைத்த காலக்கணிப்பை வைத்து, இரும்பின் பயன்பாடு கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. கைடில் பழைய ஆண்டுதான் இருக்கிறது. ஒரு மாணவர் இரண்டையும் எழுதி, எந்த ஆதாரம் எவ்வளவு தாங்கும், இன்னும் எந்தச் சோதனை வேண்டும் என்று அரைப் பக்கம் வாதிட்டால், விடைக்குறிப்போடு ஒத்துப்போகவில்லை என்று சுழிக்க வாய்ப்பிருக்கிறது. என்னைக் கேட்டால் முழு மார்க் அதற்குத்தான்.

கேள்வித்தாளிலேயே ஒரு கல்வெட்டு வரியோ நாணயப் படமோ அச்சிடுங்கள். இது எங்கே, எந்த எழுத்தில் இருக்கிறது, இதிலிருந்து என்ன சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்று பத்து மார்க்குக்குக் கேளுங்கள். கடைசிப் பகுதிக்கே நாலு மார்க் வையுங்கள். அசைன்மென்ட்டும் அப்படியே. எல்லோருக்கும் 'மௌரியர் ஆட்சிமுறை' கொடுத்தால் ஒரே இணையப் பக்கம் எல்லார் கையெழுத்திலும் வரத்தான் செய்யும். ஆளுக்கொரு கல்வெட்டு கொடுத்து, எழுதியதைப் பற்றி ஐந்து நிமிடம் நேரில் கேட்டால் யார் படித்தது, யார் பார்த்து எழுதியது என்று உடனே தெரிந்துவிடும்.

அறுபது பேர் வகுப்பில் எங்கே நேரம் என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயம்தான். கௌரவ விரிவுரையாளர்கள் தலையில் பாதி வேலையைக் கட்டிவிட்டு மேலும் சுமக்கச் சொல்வது அநியாயம். அதனால்தான் முதலில் செமஸ்டர் தாளில் அந்த ஒரு பத்து மார்க் கேள்வியை மட்டும் கேட்கிறேன். கேள்வித்தாள் அமைப்பை முடிவு செய்வது பாடத்திட்டக் குழு. அடுத்த கூட்டத்தில் உட்காரப்போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஜம்பை வரியை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள்.