நேர் சாலையில் பயமில்லையா?

"விபத்தெல்லாம் புளியரை வளைவிலும் ஆரியங்காவு மழையிலும்தான், செங்கோட்டை தாண்டி நேர் சாலைக்கு வந்துவிட்டால் வண்டியை விரட்டலாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி எங்கள் தமிழக-கேரள எல்லை ஊர்களில் சுற்றுகிறது. தவறான செய்தி, ஆபத்தான செய்தியும்கூட.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி நாட்டில் 1,68,491 பேர் சாலை விபத்தில் இறந்தார்கள். விபத்துகளில் சுமார் 67 சதவீதம் நடந்தது நேர் சாலையில். ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு, வானம் தெளிந்திருந்தபோது. இறப்புகளில் 71 சதவீதம் அதிவேகத்தின் கணக்கு. நாட்டில் நேர் சாலைதானே அதிகம் என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் பயமில்லை என்பதற்கு அது ஆதாரமாகாது.

வளைவைக் கண்டால் டிரைவர் தானாகவே கியரைக் குறைக்கிறார், ஹாரன் அடிக்கிறார். நேர் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் பாய்கிறது. டீக்கடை முன்னால் விளக்கில்லாமல் நிற்கும் லாரியைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த 22 மீட்டர் போய்விடும். வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது.

ஹெல்மெட் அணியாமல் அதே ஆண்டில் இறந்தவர்கள் 50,029 பேர். பெட்ரோல் டேங்க் மேல் வைத்த ஹெல்மெட்டைச் சோதனைச்சாவடி வந்ததும் தலைக்கு மாற்றும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.