எல்லாரும் நாஸ்டியா?

சிங்கப்பூரில் நம் வீட்டுப் பிள்ளைகளின் தமிழில் ‘நாஸ்டி’ (nasty) என்ற ஆங்கிலச் சொல் குடியுரிமையே வாங்கிவிட்டது. கருவாட்டுக் குழம்பு நாஸ்டி, லிஃப்டில் யாரோ கொட்டிய மைலோ நாஸ்டி, கணக்கு டீச்சரும் நாஸ்டி. முதல் இரண்டையும் விட்டுவிடலாம். மூன்றாவதுதான் உறுத்துகிறது.

ஆங்கிலத்தில் இதற்குப் பழைய பொருள் அழுக்கு, அசுத்தம். மனிதரின் குணத்தைச் சொல்ல வந்தது பிற்பாடுதான். டாக்டர் ‘நாஸ்டி கட்’ என்றால் காயம் ஆழம், கவனமாக இரு என்று அர்த்தம். 2013 ஜூன் 21 அன்று இங்கே காட்டுத் தீயால் புகைமூட்டக் குறியீடு 401ஐத் தொட்டதே, அந்தக் காற்றையும் அப்படிச் சொல்லலாம். காற்றுக்கு யார் மேலும் வன்மம் கிடையாது. (காட்டுக்குத் தீ வைத்தவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.)

ஆளைப் பார்த்துச் சொன்னால் கதையே வேறு. வேண்டுமென்றே நோகடிக்கிறார் என்ற குற்றச்சாட்டு அதில் இருக்கிறது. எங்கள் புளோக் கீழே கோப்பிக்கடை அங்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். சிரிக்கவே மாட்டார், கோப்பையை டொக்கென்று வைப்பார், சில்லறை இல்லை என்றால் முறைப்பார். ஆனால் நான் வாயைத் திறக்கும் முன்பே கோப்பி ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத கோப்பி) தயாராக இருக்கும். அவர் சிடுமூஞ்சி, அவ்வளவுதான். உங்களிடம் நேரில் ஒரு வார்த்தை கேட்காமல், சின்னத் தவறுக்கு மேலதிகாரியையும் சேர்த்து “அன்புடன் நினைவூட்டுகிறேன்” என்று மின்னஞ்சல் அனுப்பும் சக ஊழியர் இருக்கிறாரே, அவர்தான் நாஸ்டி. அதில் ஒரு கடுஞ்சொல்கூட இருக்காது.

தமிழில் இதற்கெல்லாம் தனித்தனியாக வார்த்தை வைத்திருக்கிறோம். சாப்பாடு என்றால் குமட்டுகிறது, பேச்சு என்றால் குத்தல், மனசு என்றால் வஞ்சம். பிள்ளைகளிடம் இவற்றைப் பேசாமல் விட்டது நாம்தான். நம் சொற்களும் இடம் மாறியவைதான், சரி. ‘நாற்றம்’ என்றால் பழந்தமிழில் நறுமணம். இன்று மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். டுரியானுக்குத் தமிழில் முள்நாறிப் பழம் என்று பெயர். அதில் வரும் நாறி எந்த நாறி என்பது சாப்பிடுகிறவரைப் பொறுத்தது. எம்ஆர்டி ரயில் நிலையத்தில் அதற்குத் தடைப்பலகை மாட்டியவர்கள் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமில்லை.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை. கூடைப்பந்து ஆடும் பையன்கள் அசத்தலாகப் பந்து போட்டாலும் “நாஸ்டி!” என்று கத்துகிறார்கள். அது பாராட்டாம்.